மூன்றாவது வரிசையைப் பார்த்தவள்

ஞாயிற்றுக்கிழமை காலை மனோ கூப்பிட்டான். எப்போதும் கேலியோடு தொடங்குகிறவன், அன்று என் பெயரை மட்டும் சொன்னான். பிறகு, "கலை போய்ட்டா" என்றான். காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

ஆம்பூரில் எங்களோடு படித்தவர்களுக்குக் கலைவாணியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் வேலூரில் நடந்த அறநெறிக் கலந்துரையாடல் போட்டிக்கு உங்களில் பலர் வரவில்லை. அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் மனோ, கலை, நான் மூவரும் ஓர் அணி. அந்தப் போட்டியில் கட்சி கட்டி வாதாட வேண்டியதில்லை. ஒரு சிக்கலைச் சேர்ந்து யோசிக்க வேண்டும். எதிரணி சொல்வது சரியென்றால் ஒப்புக்கொள்ளலாம். பட்டிமன்றம் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது புரியவில்லை. கைதட்டலுக்கு இடம் விட்டு மனோ எழுதித் தந்தான். கலை மனப்பாடம் செய்தாள்.

இறுதிச் சுற்றுக்கு முன்கூட்டியே தந்திருந்த கேள்வி இது: ஒரு ஷூ கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். கட்டாய ஓவர்டைம் கிடையாது என்று சொல்லும்படி தொழிலாளர்களுக்கு நிர்வாகம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. உண்மையைச் சொன்னால் ஆர்டர் போகும், வேலை போகும். ஒரு பெண் பொய் சொல்கிறாள். அவள் செய்தது சரியா?

"பயந்து சொன்னாலும் பொய் பொய்தான். அவளும் குற்றவாளிதான், நடுவர் அவர்களே" என்று கலை முழங்கினாள். நல்ல கைதட்டல். எதிரணியான ராணிப்பேட்டை அணியின் பெண் நிதானமாகக் கேட்டாள்: "அந்தம்மா இங்கியே உக்காந்திருந்தா, அவங்க மூஞ்சப் பாத்து இதச் சொல்வீங்களா?"

பதில் சொல்ல நிமிர்ந்த கலை, மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். அங்கே அவளுடைய அம்மா. ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தவர்; மகள் பேசுவதைக் கேட்க லீவு போட்டு வந்திருந்தார். அவர் தலை குனிந்திருந்தது.

"சொல்ல மாட்டேன்" என்றாள் கலை. "நீங்க சொல்றதுதான் சரி. பொய் சொன்னது யாருன்னு கேட்டோம். சொல்ல வெச்சது யாருன்னு கேக்கவே இல்ல. நான் பேசினத வாபஸ் வாங்கிக்கறேன்."

யாரும் கைதட்டவில்லை. மனம் மாறுவதைப் பற்றிப் புத்தகங்களில் எவ்வளவோ படித்திருக்கிறேன். ஒரு மனம் மாறுவதை, அதுவும் அத்தனை பேர் எதிரில், கண்ணால் கண்டது அன்றுதான்.

கோப்பை ராணிப்பேட்டைக்குப் போனது. திரும்பும் பஸ்ஸில் மனோ விடவில்லை. "இன்னாடி கலை, கோப்பைய நீயே பார்சல் கட்டிக் குடுத்துட்ட?"

எங்களோடு வந்த கலையின் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "நானும் அப்பிடித்தான் சொன்னேன், அவங்க கம்பெனிக்கு வந்து கேட்டப்ப."

"தெரியும்மா. மேடையிலயே தெரிஞ்சிபோச்சி" என்றாள் கலை. பிறகு மனோவிடம், "நாம பேசறது யார் மேல போய் விழுதுன்னு பாக்கணும்டா" என்றாள்.

கலையின் உடலை எடுத்த பிறகு, அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த வருசமும் வந்து கேட்டாங்கம்மா. உள்ளதச் சொல்லிட்டேன். அப்புறம் அங்க இருக்க முடியல, வேற கம்பெனிக்குப் போய்ட்டேன். ஏம்மா கம்பெனி மாத்தினேன்னு கலை கேட்டா. பஸ்ஸு தூரம்னு சொல்லிட்டேன். கடசி வரைக்கும் அவகிட்ட சொல்லல."

கலையிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். எந்தக் கூட்டத்தில் பேச எழுந்தாலும் முதலில் மூன்றாவது வரிசையைப் பார்க்கிறேன். அங்கே யாராவது தலை குனிந்திருந்தால், எழுதிக் கொண்டுவந்ததை மடித்து வைத்துவிடுகிறேன்.