அப்பாவுக்கு இல்லாத பல்வரிசை

எங்கள் ஊர் சந்திப்பில் ஸ்டுடியோ வைத்திருப்பவர் என் அப்பாவின் முகத்தை மாற்றிவிட்டார். அசல் படம் எங்கே என்று கேட்டால் பொய் சொல்கிறார். இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். இப்போது எழுதியும் வைக்கிறேன்.

அப்பா வயல்காரர். இளவட்டமாக இருந்தபோது உழவு மாடு தலையை உதறியதில் கொம்பு அவர் மேலுதட்டைக் கிழித்துவிட்டது. தையல் போட்டவர் என்ன அவசரத்தில் போட்டாரோ, உதடு ஒரு பக்கமாக மேலே இழுத்துக்கொண்டு நின்றது. அதன்பிறகு சிரிப்பு வந்தால் துண்டின் நுனியை வாயில் வைத்துக்கொள்வார். கேமராவைக் கண்டாலும் அதேதான். எங்கள் வீட்டுப் போன்களில் அவர் இருக்கும் எல்லாப் படங்களிலும் வாய் இருக்க வேண்டிய இடத்தில் துண்டு இருக்கிறது. ஆதார் அட்டையில் அச்சு சரியில்லாமல் மூக்குக்குக் கீழே வெறும் கறுப்பு.

ஒரே ஒரு படத்தில்தான் முழு முகமும் உண்டு. என் தங்கை கல்யாணத்தில் இரண்டு கையாலும் தாம்பாளம் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கை ஒழியாததால் துண்டை எடுக்க முடியவில்லை. யாரோ அந்த நேரம் பார்த்து எடுத்துவிட்டார்கள். பின்னொரு மழைக்கு வெள்ளம் வீட்டுக்குள் புகுந்து கல்யாண ஆல்பம் முழுவதும் ஒட்டிப்போனது. சட்டம் போட்டு மாட்டியிருந்ததால் அந்தப் படம் மட்டும் தப்பியது.

அப்பா இறந்ததும் பதினாறாம் நாள் காரியமான அடியந்திரத்துக்குப் பெரிய படம் வேண்டியிருந்தது. படத்தை நாற்காலியில் வைத்து, விளக்கேற்றி, வருகிற சொந்தக்காரர்கள் அதன்முன் பூப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். சட்டத்தைக் கழற்றிப் படத்தை ஸ்டுடியோவில் கொண்டு கொடுத்தேன்.

"தாம்பாளத்த எடுத்துருவோமா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"எடுத்துக்கிடும். மொகத்துல மட்டும் கை வச்சிராதயும்."

"நீங்க ஒண்ணு. மொகத்துல நான் எதுக்குக் கை வைக்கேன்?"

இதுதான் பேச்சு. அப்போது கடையில் வேறு யாரும் இல்லை. இன்றைக்கு அவர் அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்கிறார்.

அடியந்திரத்தன்று காலையில் தாள் சுற்றிய படம் வந்தது. நான் பந்தலில் நின்றேன். சொந்தக்காரப் பையன் ஒருவன் பிரித்து நாற்காலியில் வைத்து மாலையும் போட்டுவிட்டான். அம்மாவை உள்ளேயிருந்து கூட்டி வந்தோம். அவள் படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இது ஆருலே?"

அப்பாவின் தங்கை, என் அத்தை, பக்கத்தில் நின்றாள். "என்ன மைனி, எங்க அண்ணன்தான். நல்ல சிரிச்ச மொகமாட்டு இருக்காருல்லா?"

"ஒங்க அண்ணன் எனக்கிட்ட ஒரு நாளும் இப்பிடிச் சிரிச்சதில்ல."

சுற்றி நின்றவர்களில் ஒன்றிரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படத்தில் உதட்டுத் தழும்பு இல்லை. உதடு நேராக இருந்தது. உள்ளே வெள்ளைவெளேரென்று ஒரு பல்வரிசை. கன்னத்தில் வயலின் வெயில் பட்ட அடையாளமே இல்லை. கண்ணும் காதும் அப்பாவுடையவை, மற்றது யாருடையதோ. கீழே மூலையில் பொன் எழுத்தில் 'கலை' என்று போட்டு ஸ்டுடியோவின் பெயர்.

மறுநாளே போய்க் கேட்டேன்.

"ஏஐ-ல போட்டது அண்ணாச்சி. இப்ப எல்லாவனும் இதத்தான் கேக்கான். பத்து வயசு கொறஞ்சிருக்குல்லா?"

"செத்தவருக்கு வயசக் கொறைக்கவா ஓய் ஒம்மகிட்ட வந்தேன்? தழும்பு எங்க?"

"அதெல்லாம் சாப்ட்வேர் தானா எடுக்கது. நான் ஒண்ணும் செய்யல்ல."

"செய்யாதவரு பின்ன எதுக்கு ஓய் கலைன்னு போட்டீரு?"

அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பாராட்டினால் அவர் கலைஞர், கேள்வி கேட்டால் மிஷின். இந்த வசதி வேறு எந்தத் தொழிலில் இருக்கிறது?

நான் அறிவியலுக்கு எதிரி இல்லை. எங்கள் வயலில் அறுப்பு மிஷின்தான் இறங்குகிறது. அம்மாவின் கண்ணில் வைத்திருப்பது செயற்கை லென்ஸ். அதை வைத்த டாக்டர், கண்ணுக்குள் என்ன வைத்தேன் என்று ஒரு அட்டையில் எழுதிக் கையில் கொடுத்தார். அப்பாவின் முகத்தில் எதை வைத்தார்கள் என்று எனக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள்?

பழைய ஓவியர்கள் மட்டும் உண்மையே வரைந்தார்கள் என்று சொல்லவும் வரவில்லை. தாத்தாவுக்கு ஒரு படம் வரைந்து மாட்டியிருந்தார்கள். அதில் அவர் கோட்டுப் போட்டிருப்பார். ஆயுளில் அவர் சட்டையே சரியாகப் போட்டதில்லை. ஆனால் கோட்டுப் பொய் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பொய் முகத்துக்குள் நுழையவில்லை.

கம்ப்யூட்டர் படிக்கும் தங்கை மகளிடம் கேட்டேன். "மாமா, அது ஏராளமான மொகத்தப் பாத்துப் படிச்சிருக்கும். தெளிவில்லாத எடத்துல எது இருக்கலாம்னு அதுவே நெரப்பும். தழும்ப அது படத்துல உள்ள பழுதுன்னு நெனச்சிருக்கும்" என்றாள். அப்படியானால் அது நிரப்பியது யாருடைய வாய்? "ஒரு ஆளுக்க வாய்ன்னு சொல்ல முடியாது மாமா" என்றாள்.

எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. கொஞ்ச நாளில் புதுக்கடைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது காரணமும் கிடைத்தது. பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே ஒரு கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். முன்பின் தெரியாத ஒரு பெரியவர். அதே சிரிப்பு. வலது பக்கம் கொஞ்சம் ஏறி, கன்னத்தில் அதே மடிப்பு, அதே பல்வரிசை. என்னோடு வந்த மச்சினனும் பார்த்தான்.

"அத்தான், மாமா எப்ப புதுக்கடைக்குக் குடி வந்தாரு? ஒரே பல்செட்ட ரெண்டு பேருக்கும் மாட்டிவுட்டுட்டானுவளே!"

பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர் அந்தப் பெரியவரின் மருமகன் என்று தெரிந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "எங்க மாமாவுக்குப் பல்லெல்லாம் எப்பமே போச்சு. ஆனா படம் கொள்ளாம், இல்லியா?" என்றார். படம் நன்றாக இருந்தால் அவருக்குப் போதும். எனக்குப் போதாது. போனில் அந்த ஃப்ளெக்ஸைப் படம் எடுத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பியதும் நேராக ஸ்டுடியோவுக்குப் போய் என் அசல் படத்தைக் கேட்டேன். அடியந்திரப் படத்தோடு திருப்பிக் கொடுத்தாயிற்று என்றார். தாள் பொதியில் அது இல்லை, அதைப் பிரித்தவனிடமும் விசாரித்துவிட்டேன். அடுத்த முறை போனபோது, ஸ்கேனரில் ஒட்டிக் கிழிந்துவிட்டது, சொல்ல வருத்தமாக இருந்தது என்றார். கிழிந்த துண்டையாவது தாரும் என்றேன். கடையைத் தூத்துவாரும்போது குப்பையோடு போயிருக்கும் என்றார். சரி, ஸ்கேன் செய்த பிரதியாவது கம்ப்யூட்டரில் இருக்குமே என்றால், ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போனதாம். கெட்டுப்போன டிஸ்கிலிருந்துதான் அந்த வாரம் படத்தை அசையவைத்து, என் அப்பா தலையை ஆட்டிச் சிரிப்பதாகச் செய்த வீடியோ அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் விளம்பரமாக வந்ததா? கேட்டேன். ஸ்டேட்டஸை எடுத்துவிட்டார்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு வெறி என்று தங்கை கேட்கிறாள். காரணம் அம்மா.

அம்மா முதலில் அந்தப் படத்தின் பக்கமே போகமாட்டாள். பிறகு வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துப் பேச, அவளும் பார்க்க ஆரம்பித்தாள். வேறு படமும் இல்லையே. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டாள்.

"மக்கா, அவருக்கு வெட்டு எந்தப் பக்கம்? எடமா, வலமா?"

"எடப்பக்கம்" என்றேன் உடனே. சொன்ன பிறகு சந்தேகம் வந்தது. தங்கைக்குப் போன் செய்தேன். அவளும் இடது என்றாள். கல்ஃபில் இருக்கும் தம்பி, "வலதுல்லா அண்ணே? எனக்க தலையில எண்ண தேய்க்கும்போ வலப்பக்கம்தானே தெரியும்" என்றான். எதிரே உட்கார்ந்தவனுக்கு எது வலம், எது இடம் என்று பேசிப் பேசி அவனும் குழம்பினான். அம்மா சோற்றில் கையை வைத்தபடி இருந்தாள்.

"நாப்பது வருசத்துக்கு மேல மூஞ்சிக்கு மூஞ்சி இருந்தேன். எனக்கே தெரியல்லியே" என்றாள்.

அன்றைக்குக் கண்ணை மூடி அப்பாவை நினைத்துப் பார்த்தேன். துண்டை விலக்கிவிட்டுச் சிரித்தார். உள்ளே அந்தப் பல்வரிசை. இனி அந்த ஒரு படம் கிடைத்தால் ஒழிய, எங்கள் வீட்டில் அப்பாவின் முகம் என்று எதுவும் மிஞ்சாது. அம்மா இருக்கும்போதே அது கிடைக்க வேண்டும்.

கடைசியாக இருமுறை போனபோது கடைக்காரர் என்னைக் கண்டதும் உள்ளறைக்குப் போய்விட்டார். இனி உம் கடைக்கு வரமாட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் ஊர்க்கூட்டம் இருக்கிறது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவேன். நீரும் வாரும் ஓய். சாப்ட்வேர்க்காரன் பெயரைச் சொல்லித் தப்பிக்காமல், ஊரார் எல்லாரும் கேட்கும்படி அவளிடம் நேராகச் சொல்லும்: நான் உம் கையில் கொடுத்த படத்தை என்ன செய்தீர், அது இப்போது எங்கே இருக்கிறது?