நோரீன் மூடாத கேட்

நோரீன் டக்வெல் சொல்வதை மில்கரா வட்டாரத்தில் யாரும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. மூன்றால் வகுத்துக்கொள்வார்கள். வழியில் ஒன்பது அடிப் பாம்பைப் பார்த்தேன் என்றால் அது மூன்றடிப் பாம்பு. ஓடையில் இடுப்பளவு தண்ணீர் என்றால் முழங்காலுக்கும் கீழே, தாராளமாக வண்டியை இறக்கலாம். அதற்காக அவளைப் பொய்க்காரி என்று ஒருவரும் சொன்னதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் தபால் வண்டியை எடுத்துக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போகிறவள். ஒரு பண்ணைக்கும் அடுத்ததற்கும் நடுவே செம்மண்ணும் உப்புப் புதரும் தவிர ஒன்றும் கிடையாது. அந்த வழியில் நடப்பதை நடந்தபடி சொன்னால் சொல்வதற்கே ஒன்றும் இருக்காது. தபாலுக்கு நிற்கிறவர்களுக்குக் கூடவே கொஞ்சம் சேதியும் வேண்டியிருந்தது. அவள் கொடுத்தாள், அவ்வளவுதான்.

வாய்தான் அப்படி. கை வேறு. ஆடுகள் பண்ணை மாறிப் போகாமல் இருக்க, அவள் போகும் வழியின் குறுக்கே இருபது சொச்சம் கேட்டுகள். மூடியிருந்த கேட்டைத் திறந்தால் திரும்ப மூடிவிட்டுப் போக வேண்டும் என்பது அந்த ஊர்ப் பிள்ளைகள் எழுத்துக்கு முன்னால் கற்றுக்கொள்கிற பாடம். அதை மறந்தவனுக்கு அப்புறம் யார் வீட்டிலும் ஒரு வாய் டீ கிடைக்காது. முப்பது வருஷத்தில் நோரீன் ஒரு கேட்டைக்கூட மறந்ததில்லை. அவள் விஷயத்தில் யாரும் வகுத்துப் பார்க்காத சங்கதி இது ஒன்றுதான்.

அங்கே ஜூலைதான் நல்ல குளிர்காலம். அந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சீக்கிரமே இருட்டிவிட்டது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு டிவியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தது. நோரீன் கடைசித் தபாலைக் கொடுத்துவிட்டு, திரும்பும் வழியில் கடைசிக் கேட்டான, ஆட்டுப்பண்ணைக்காரன் கிளாரி ஹேபிக்கின் எல்லைக் கேட்டுக்கு வந்தாள். கேட்டுக்கு இந்தப் பக்கம் கிளாரியின் மெரினோ ஆடுகள், கம்பளிக்காக வளர்ப்பவை. அந்தப் பக்கம் பக்கத்துப் பண்ணையின் டார்ப்பர் கடாக்கள், கறிக்காக வளர்ப்பவை. டார்ப்பருக்கு மயிர் கொட்டும். அது கம்பளியில் ஒட்டினால் வாங்குகிறவன் மூட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். கடாக்கள் உள்ளே வந்து ஒரு ராத்திரி தங்கினால், பிறக்கப்போகும் குட்டிகளும் கம்பளிக்கு ஆகாது.

வண்டியை ஓட்டிக் கடந்து நிறுத்தினாள். இறங்கிப் போய்ச் சங்கிலியைக் கையில் எடுத்தபோது தரையில் தன் நிழல் தெரிந்தது. நிலா இல்லாத நாள். நிழல் எப்படி வந்தது என்று நிமிர்ந்தாள். தென்கிழக்கிலிருந்து பச்சையும் வெள்ளையுமாக ஒரு நெருப்பு வானத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. வேலிக்கம்பங்களின் நிழல்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து தரையில் ஓடின. தூரத்து மலைக்கு மேலே போனதும் அது நாலைந்து சிவப்புத் துண்டுகளாக உடைந்து அணைந்தது. அப்புறம் முன்பு இருந்ததைவிட நல்ல இருட்டு.

நோரீன் சங்கிலியை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். வண்டிப் படியில் உட்கார்ந்து, கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டாள். பயமாகத்தான் இருந்தது. அதைவிட, “பாத்தியா” என்று கேட்கப் பக்கத்தில் ஒரு ஆள் இல்லையே என்பது பெரிய துக்கமாக இருந்தது. கோப்பை காலியாகப்போகும் நேரத்தில் மலைப்பக்கமிருந்து சத்தம் வந்தது, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு. வண்டியின் கண்ணாடி அதிர்ந்தது. வீடு வந்து சேரும் வரை வண்டியை அவள் எங்கேயும் நிறுத்தவில்லை.

மறுநாள் காலை கிளாரி போன் செய்தான்.

“நோரீன், நேத்து என் கேட்டைத் திறந்துபோட்டுட்டுப் போனியா?”

அப்போதுதான் அவளுக்கே ஞாபகம் வந்தது.

“போயிருப்பேன் கிளாரி. அந்த நேரத்துல வானத்துல...”

“எட்டு கடா உள்ள வந்திருக்கு. ராத்திரி பூரா எட்டும் என் ஆடுங்களோடதான் இருந்திருக்கு.”

“எரிகல்லு ஒண்ணு விழுந்துச்சு. பட்டப்பகல் மாதிரி வெளிச்சம். வேலிக்கம்பத்து நிழலெல்லாம் ஓடுச்சு, சத்தியமா.”

“நிழல் ஓடுச்சு,” என்றான் கிளாரி. “கம்பம் நின்னுச்சா, அதுவும் கூடவே ஓடுச்சா?”

அன்று சாயங்காலம் பப்பில் நடந்ததை நடந்தபடியே சொன்னாள். பாம்பை நீட்டுவது சுலபம். இதைப் பெரிதாக்க அவளிடம் சொல்லே இல்லை, இருந்ததே வாய்க்குள் அடங்காத அளவு. ஒரு கோப்பை டீ குடிக்கும் நேரம், ஐந்து நிமிஷம் கழித்துத்தான் சத்தம் வந்தது, அதனால் மலைக்கு அந்தப் பக்கம் நூறு கிலோமீட்டராவது தள்ளித்தான் விழுந்திருக்க வேண்டும் என்றாள். சத்தத்தை வேறு இரண்டு பேரும் கேட்டிருந்தார்கள், சுரங்கத்தில் வெடி வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

“நூறை மூணால வகு,” என்றான் கல்லாவில் இருந்தவன்.

வகுத்தார்கள். கணக்கு மலைக்கு இந்தப் பக்கம், நேராகக் கிளாரியின் பின்பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் வந்து விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை பாதி ஊர் அங்கே போய், சாசேஜ் சுட்டுத் தின்றபடி பொழுது சாயும் வரை தேடியது. ஒரு செத்த கங்காரு கிடைத்தது. ஆக, வானத்திலிருந்து ஒன்றும் விழவில்லை என்று முடிவாயிற்று. விழவில்லை என்றால், நோரீன் கவனக்குறைவாகக் கேட்டைத் திறந்துபோட்டுவிட்டு அதை மறைக்கக் கதை கட்டுகிறாள் என்று ஆகிறது.

அடுத்த தபால் நாளில் அந்தக் கேட்டில் கிளாரியே நின்றிருந்தான். அவள் வண்டியைக் கண்டதும் திறந்தான், கடந்ததும் மூடினான், சங்கிலியை மாட்டினான். பட்டணத்திலிருந்து வருகிறவர்களுக்கு, ஒன்றும் தெரியாதவர்கள் என்று அப்படிச் செய்வதுண்டு. திட்டியிருந்தால்கூட நோரீன் தாங்கியிருப்பாள். அதற்கடுத்த இரண்டு பண்ணைகளிலும் கேட்டருகே ஆள் நின்றது. தபாலை வாங்கிக்கொண்டார்கள். சேதி கேட்கவில்லை.

அன்றைக்கே போலீஸ் நிலையத்துக்குப் போய்ச் சொன்னாள். கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இதையெல்லாம் ஆராய்ச்சி செய்கிறவர்கள் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள் என்று ஒரு நம்பரைக் கொடுத்தார். அங்கே போனை எடுத்தவள் அனிகா வெஸ்ட்லேக் என்ற ஆராய்ச்சிக்காரி.

“நீங்க நின்ன அதே இடத்துல பகல்ல போய் நில்லுங்க நோரீன். மறைஞ்ச இடத்தைப் பாத்து கையை நீட்டி முஷ்டியை மடக்குங்க. அடிவானத்துலருந்து எத்தனை முஷ்டி உயரம், எந்தக் கம்பத்துக்கு நேரா, அது மட்டும் போதும்.”

நோரீன் போய் நின்றாள். மடக்கிய முஷ்டியை மலைக்கு மேலே பிடித்தாள். ஒன்று, அதற்கு மேல் கொஞ்சம். வீட்டுக்கு வந்து போனை எடுத்தபோது வாயில் மூன்று என்று வந்துவிட்டது. மூன்று என்றால் எவ்வளவு நன்றாக இருக்கும். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“மூணு இல்ல, இருங்க. ஒண்ணேகால்.”

“நிச்சயமா?”

“நிச்சயமா. ஒண்ணேகாலுக்குக் கொஞ்சம் கம்மியாகூட இருக்கும்.”

ஒருத்தர் சொல்வதை வைத்து வரைபடத்தில் ஒரு கோடுதான் போட முடியும் என்றாள் அனிகா. வேறு இடத்திலிருந்து பார்த்த இன்னொருவர் வேண்டும், இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில்தான் தேட முடியும். அந்த இன்னொருவர் வரவில்லை. வாரங்கள் போயின. ஒவ்வொரு தபால் நாளும் கிளாரி கேட்டைத் திறந்து மூடினான். தபால் வேலையை விட்டுவிடலாமா என்றுகூட நோரீன் யோசித்தாள்.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் அனிகா கூப்பிட்டாள்.

“மேற்க ஹைவேயில போன ஒரு லாரி டிரைவர் பாத்திருக்கார். ஸ்லாவ்கோன்னு பேரு. சொன்னா சிரிப்பாங்கன்னு இத்தனை நாள் யார்கிட்டயும் சொல்லலையாம்.”

“என்ன சொன்னார்?”

“ரோட்டோரக் கம்பங்களோட நிழலெல்லாம் ஓடுச்சுன்னார். நான் கேக்கல, அவராவே சொன்னார்.”

நோரீன் சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“அவர் பயந்தாரா?”

“வண்டியை ஓரமா நிறுத்திட்டு அரைமணி நேரம் சும்மா உக்காந்திருந்தாராம்.”

“பாவம்,” என்றாள் நோரீன். சொல்லிவிட்டு அழுதாள். யாரென்றே தெரியாத அந்த மனிதனுக்கு அந்த நிமிஷமே ஒரு டீ போட்டுக் கொடுக்க வேண்டும்போல் இருந்தது.

இரண்டு கோடுகளும் மலைக்கு அந்தப் பக்கம், ஒரு வறண்ட உப்பு ஏரியில் போய் வெட்டின. நோரீன் சொன்ன நூறைவிட ஏழெட்டு கிலோமீட்டர் கூடவே இருந்தது. அனிகாவின் ஆட்கள் வந்து வெள்ளை உப்புத்தரையில் வரிசையாக நடந்து, மூன்றாம் நாள் கறுப்பாக ஒரு கல்லை எடுத்தார்கள். பப்புக்கு வந்த ரேடியோக்காரன் நோரீனிடம் அது எவ்வளவு பெரிது என்று கேட்டான். பப்பில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

“டீக் கோப்பைக்குள்ள அடங்கிடும்,” என்றாள்.

பழக்க தோஷத்தில் ஒருவன் அதையும் மூன்றால் வகுக்கப் போய், பக்கத்தில் இருந்தவனிடம் முழங்கையால் ஓர் இடி வாங்கினான்.

அடுத்த தபால் நாளிலும் கிளாரி கேட்டில் நின்றிருந்தான். நோரீன் வண்டியை நிறுத்தி, தபாலை ஜன்னல் வழியாக நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு, கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“பாதி மந்தையோட கம்பளி போச்சு நோரீன். அது போனது போனதுதான்.”

“தெரியும் கிளாரி. என் தப்புதான் அது.”

அவன் மலைப்பக்கம் பார்த்தான். பிறகு வேலிக்கம்பங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

“நான் அங்க நின்னிருந்தாலும் மூடியிருக்க மாட்டேன்,” என்றான்.

அந்த வட்டாரத்தில் ஒரு மனிதன் இதற்கு மேல் இறங்கிவந்து யாரும் பார்த்ததில்லை. அவன் கேட்டைத் திறந்துவிட்டான். அவள் வண்டி கடந்தது. அவன் கேட்டைத் தொடாமல், திரும்பிப் பார்க்காமல் வீட்டை நோக்கி நடந்தான். நோரீன் இறங்கி வந்து மூடினாள்.