உப்பைத் தட்டிவிட்டவன்

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் வைரவநாதன் பெரிதாகப் படித்தவரில்லை. பசறைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து வெறுங்கையோடு வந்து, எச்சில் பீங்கான் தட்டுக் கழுவி, சொந்தக் கல்லாப்பெட்டியில் உட்கார்ந்த மனுசன். முகத்தைப் பார்த்தே ஆளை எடை போடுவார். அந்த வித்தைக்குப் பதுளையில் அவரை விட்டால் ஆளில்லை.

எல்லவில் மூடிப்போன ஒரு ஹோட்டலில் கிடந்த பெரிய படத்தைக் கொண்டுவந்து கடைச் சுவரில் மாட்டியிருந்தார். நீள மேசை, பதின்மூன்று பேர், ரொட்டி, கோப்பை. சாப்பாட்டுக் கடைக்கு இதைவிட லட்சணமான படம் உண்டா? சந்தனப் பொட்டு வைத்துத் தினமும் சாம்பிராணி காட்டினார்.

அந்த வாரம் அவர் மனசு சரியில்லை. வாடகைக்கு இருந்த கடைக் கட்டடத்தை வாங்க ரகசியமாகப் பேசி வைத்திருந்தார். அது கசிந்து, வேறொருவர் முந்திக்கொண்டார். இனிக் கடையைக் காலி செய்ய வேண்டும். விஷயம் தெரிந்தது தம்பி சுரேசுக்கும் சமையல்கார அஜந்தனுக்கும்தான். செய்தி வந்தபோது அஜந்தன் அகப்பையை வீசிவிட்டுக் கத்தினான். கத்துகிறவன்தான் கள்ளன் என்று முடிவு கட்டி, வாரக் கடைசியில் அவனை வேலையை விட்டு அனுப்பிவிட நினைத்திருந்தார்.

பிளேன்டீ குடிக்க வந்த லூர்தம்மா டீச்சர் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"என்னங்க முதலாளி, யேசு சாமியோட கடைசிச் சாப்பாட்டுக்கா சாம்பிராணி? 'உங்கள்ல ஒருத்தன் என்னைக் காட்டிக் குடுப்பான்'னு அவரு சொன்ன நேரமுங்க இது."

"எவன் அவன்? சொல்லாதீங்க டீச்சர், நானே புடிக்கிறேன்." படத்தில் கத்தி பிடித்திருந்தவனைத் தொட்டார். "இந்தா, இவன்தான்."

"அவரு பேதுரு. சாமியப் புடிக்க வந்த ஆளோட காதையே வெட்டுனவரு. உங்க தராசு துருப்புடிச்சிருச்சு போல!"

ரோசம் வந்து ஸ்டூலில் ஏறிப் பார்த்தார். எல்லார் கையும் பதறிக்கொண்டிருந்தது. 'நானா, நானா' என்று கேட்கிற முகங்கள். ஒருவன் மட்டும் பின்னால் சாய்ந்திருந்தான். முகத்தில் வெளிச்சமில்லை. கைக்குள் பணப்பை. பக்கத்தில் உப்புச் சாடி கவிழ்ந்து கிடந்தது.

"உப்பத் தட்டி விட்டுட்டான் பாவி! இவன்தான்."

"இப்ப சரிங்க."

ஜெயித்த சந்தோசம் வரவில்லை. அன்றைக்கு அஜந்தன் கத்தினான், சரி. சுரேஸ்? 'யாருண்ணே சொன்னது' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

வியாபாரம் ஓய்ந்ததும் கடை ஆட்கள் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார, முதலாளி தன் கையால் பரிமாறுவது அந்தக் கடையின் வழக்கம். அன்றும் உட்கார்ந்தார்கள்.

"சுரேஸு, அன்னைக்கு நீ ஏன்டா ஒண்ணுமே கேக்கல?"

தம்பி நிமிரவில்லை. "எத்தன காலத்துக்குண்ணே வைரவநாதன் தம்பியாவே இருக்கிறது? கட்டடத்த வாங்குனவருகிட்ட நான்தான் சொன்னேன். கடைய எனக்கே தர்றேன்னு சொல்லியிருக்காரு."

அஜந்தன் துள்ளி எழுந்தான்.

"உக்காருடா. அவன் சாப்பிட்டு முடிக்கட்டும்."

தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. வைரவநாதன் தம்பிக்குக் குழம்பு ஊற்றினார். தனக்குச் சோறு போட்டுக்கொள்ளாமல், தன் பீங்கானை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.