ஜனவரி முதல் தேதி துவைத்த சட்டை

வெர்டி மே ஸ்டாலிங்ஸுக்கு ஒளிவுமறைவே கிடையாது என்று ஊர் சொல்லும். ஊருக்கென்ன, வாய் இருக்கிறது, சொல்லும். மிசிசிப்பியில் நெடுஞ்சாலை ஓரமாக மாமனார் நடத்திய சாப்பாட்டுக் கடைக்குப் பத்தொன்பது வயதில் மருமகளாக வந்தவள். சிவப்பு ரெக்சின் இருக்கைகளும், காசு போட்டால் பாடும் பெட்டியும் இன்னும் அப்படியே இருக்கின்றன. அவள் பொரித்த கோழி என்றால் செத்தவனும் எழுந்து உட்கார்ந்து சாப்பிடுவான் என்பார்கள். அந்தப் பேச்சு மட்டும் அவளுக்கு ஆகாது.

காரணம் இருந்தது. புத்தாண்டு அன்று துணி துவைத்தால், துணிக்குரியவரையும் சேர்த்துத் துவைத்து வீட்டைவிட்டு அனுப்பிவிடுவோம் என்று அந்தப் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு புத்தாண்டில், புருஷன் ஹாய்டின் குழம்பு கொட்டிய சட்டையை அலசிப் போட்டாள். மறுநாள் சர்ச்சுக்கு அவனுக்கு வேறு சட்டை இல்லை. மார்ச் மாதம் ஹாய்ட் காபி குடித்துக்கொண்டே மேஜையில் தலையைச் சாய்த்தான். இதயம் என்றார் டாக்டர். சட்டை துவைத்த விஷயத்தை வெர்டி யாரிடமும் சொல்லவில்லை. மகன் லானிக்கு அப்போது ஒரு வயது.

அதிலிருந்து வருஷாவருஷம் அன்றைக்கு வாஷிங் மெஷின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிடுவாள். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ஹாய்ட் கதையையும் சொல்ல வேண்டுமே. போன அக்டோபரில் லானி ஓஹையோவிலிருந்து பிரென்னாவைக் கட்டிக்கொண்டு வந்தான். வடக்கத்திப் பெண், இந்த ஊர் வழக்கம் எதுவும் தெரியாது. அவளிடமாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

இந்தப் புத்தாண்டு மதியம் கடையில் உட்கார இடமில்லை. அன்றைக்குத் தின்றால் வருஷம் முழுக்க அதிர்ஷ்டம் என்று எல்லார் தட்டிலும் காராமணியும் கீரையும்.

"மிஸ் வெர்டி, போன வருஷம் உன் காராமணிய ரெண்டு தட்டு தின்னேன். அதிர்ஷ்டம் வரல, தொந்திதான் வந்துச்சு" என்றார் தபால்காரர் கிளீவ்.

"அதிர்ஷ்டம் வந்துதான் பாத்திருக்கும். நீ தின்ன தீனியில உக்கார இடமில்லாம திரும்பிப் போயிருக்கும்."

சிரிப்பு அடங்குவதற்குள் லானி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தான். உதடு நீலம் பாரித்திருந்தது.

"அம்மா, என்னமோ குளிருதும்மா. தண்ணிக்குள்ள நிக்கிறாப்ல இருக்கு."

வெர்டி அருகில் போனாள். அவன்மேல் சோப்பு வாசனை அடித்தது. அப்போதுதான் சமையலறைக்குப் பின்னாலிருந்து வாஷிங் மெஷின் ஓடும் கடகட சத்தம் அவள் காதில் விழுந்தது.

ஓடினாள். மெஷின் பக்கத்தில் பிரென்னா நின்றுகொண்டிருந்தாள்.

"அவரோட வேலைச் சட்டைதாம்மா. நாளைக்குப் போட்டுக்க ஒண்ணுமில்லன்னாரு. பிளக்கு கழண்டு கெடந்துச்சு, சொருகிட்டேன்."

வெர்டி மூடியைத் திறந்தாள். சட்டை ஒன்றே ஒன்றுதான். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, மெஷின் நின்ற பிறகும் அது சுற்றிக்கொண்டே இருந்தது. அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தப் பெண்மேல் இல்லை, இத்தனை வருஷம் மூடிக்கிடந்த தன் வாய்மேல். சட்டையைப் பிடித்து இழுத்தாள். லேசில் வரவில்லை. பலம்கொண்ட மட்டும் இழுத்து மருமகள் கையில் திணித்தாள். தன் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்துத் தண்ணீருக்குள் போட்டு மூடியைச் சாத்தினாள்.

"அந்த ஒண்ணுக்கா இவ்வளவு தண்ணி?" என்றாள் பிரென்னா.

"ஓடட்டும். முன்னாடி தட்டெல்லாம் காத்துக் கெடக்கு. நீ போ கண்ணு."

மெஷின் ஓடியது. வெர்டியின் பாதத்தில் குளிர் ஏறியது. பிறகு முழங்கால், பிறகு இடுப்பு.

"அம்மா, குளிரு விட்டுருச்சு" என்று முன்கடையிலிருந்து லானி குரல் கொடுத்தான். "கிளீவுக்கு மூணாவது தட்டாம்."

வெர்டி மூடியில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு அழுதாள். தான் போகப்போவதை நினைத்து அழவில்லை. இப்படி ஒரு வழி இருப்பது ஹாய்ட் உயிரோடு இருந்தபோது தனக்குத் தோன்றவில்லையே என்றுதான் அழுதாள்.