முப்பத்தோராம் பக்கத்து சீல்

1. கழிவுப் பட்டியல்

நான் ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தபோது கழிவுப் பட்டியல் கேட்டுக் கடிதம் வந்தது. ஜெயங்கொண்டம் பக்கத்தில் ஒரு கிளை நூலகம் என் பொறுப்பில் இருந்தது. கிழிந்தது, செல்லரித்தது, யாரும் தொடாதது என்று புத்தகங்களைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே இன்றைக்கும் வாசிக்கத் தகுந்ததா என்று ஒரு வரி எழுத வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் அந்த ஒரு வரியை லேசாக நினைக்காதீர்கள். என்னை அது படுத்திய பாடு கொஞ்சமில்லை.

பட்டியலில் ஒரு காமிக்ஸ் இருந்தது. காந்தவேலன் – கருஞ்சிறகு சிறப்பிதழ். இரண்டு பேரும் வெளிநாட்டு நாயகர்கள், பெயர் மட்டும் தமிழ். தனித்தனிக் கதைகளில் பறந்துகொண்டிருந்தவர்களை ஒரே கதையில் சேர்த்ததுதான் அந்த இதழின் பெருமை. வந்த புதிதில் அதை யார் முதலில் எடுப்பது என்று நூலக வாசலில் சட்டையைக் கிழித்துக்கொண்டார்கள்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "இந்தக் காலத்துல இத யாரு மேடம் படிக்கப் போறா? எல்லாம் போன்லயே பறக்குது. ஒரு வரி எழுதிக் குடுங்க, கழிச்சுடலாம்" என்றார். நானும் தலையாட்டினேன்.

ஆனால் படிக்காமல் எழுதுவது எனக்குப் பிடிக்காது. மதியம் உட்கார்ந்து படித்தேன். நாயகர்கள் இருவரும் ஒருவரையொருவர் திருடன் என்று நினைத்து இருபது பக்கம் அடித்துக்கொள்கிறார்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் தீர்ந்திருக்கும். பெண் என்று ஒருத்தி வருகிறாள், அலறுவதைத் தவிர அவளுக்கு வேலையில்லை. வில்லன் சிரித்தே கால்வாசிக் கதையை ஓட்டிவிடுகிறான். இதற்கா சட்டையைக் கிழித்துக்கொண்டார்கள் என்று எரிச்சலாக வந்தது.

முப்பத்தோராம் பக்கத்தில் எரிச்சல் நின்றுபோனது. பக்கம் முழுக்கக் கறுப்பு. கருஞ்சிறகு ஒரு சுரங்கத்துக்குள் இறங்கப் போகிறான். காந்தவேலன் மேலே நின்று "போனால் எப்போது வருவாய்?" என்று கேட்கிறான். கருஞ்சிறகு திரும்பி நம்மைப் பார்த்தபடி பதில் சொல்கிறான். பதில் இருக்க வேண்டிய பேச்சுப் பலூனின் மேல் எங்கள் நூலக சீல், ஊதா மையில் வட்டமாக. அதன் பிறகு கருஞ்சிறகு கதைக்குள் வருவதே இல்லை. அடுத்த பாகம் தமிழில் வெளிவரவும் இல்லை.

சீலை வைத்தவள் நான்தான். ரகசியப் பக்கம் என்று நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது புத்தகத்தைத் திருடி முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டாலும் அடையாளம் தெரியட்டும் என்று, உள்ளே ஒரு குறிப்பிட்ட பக்கத்தில் வரிசை எண்ணை எழுதி சீல் வைப்போம். எங்கள் பகுதிக் கிளைகளில் அது முப்பத்தோராம் பக்கம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்குக் கொடுத்தது அந்த வேலைதான். நூற்றுக்கணக்கில் சீல் குத்தினேன். எங்கே குத்துகிறோம் என்று யார் பார்த்தார்கள்?

2. தமிழரசி

மீன்சுருட்டியில் தையல் கடை வைத்திருந்த தமிழரசி வருடத்துக்கு ஒரு முறை, ஆடி மாதத்தில், நூலகத்துக்கு வருவார். அந்த காமிக்ஸை எடுப்பார். முப்பத்தோராம் பக்கத்தைப் பிரித்து, சீலின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கால்மணி நேரம் உட்கார்ந்திருப்பார். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார். அவரவர்க்கு ஒரு கிறுக்கு என்று நானும் கேட்டதில்லை.

அந்த வருடம் வந்தவர் அலமாரியில் தேடிவிட்டு, என் மேஜை மேல் இருந்த கழிவுக் கட்டைப் பார்த்தார்.

"எடுத்துப் போட்டுட்டீங்களா மேடம்?"

"இன்னும் முடிவாகல. உக்காருங்க. இதுல அப்படி என்னதான் இருக்கு?"

அப்போதுதான் சொன்னார். அவருடைய அண்ணன் சேகர் கடைசியாக எடுத்துப் போன புத்தகம் அதுதான். பதினேழு வயது. ஒரு காலையில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விருத்தாசலம் பஸ் ஏறியவன் திரும்பி வரவில்லை. அப்போது தமிழரசிக்குப் பதினொன்று.

"கெளம்புறப்ப நான் கேட்டேன், அந்த சீலுக்கு அடியில என்னா போட்டுருக்குன்னு. பெரம்பலூர்ல கூட்டாளி வூட்டுல சீல் இல்லாத புக்கு பாத்தேன்னு சொன்னான். 'கதவத் தாழ் போடாத, நான் வந்துருவேன்'னு போட்டுருக்காம். அம்மாகிட்ட அதத்தான் சொன்னேன். அன்னையிலேருந்து எங்க வூட்டுக் கதவ நாங்க தாழ் போட்டதே இல்ல. போன வருஷம் அம்மா சாகுறப்பவும் தாழ் போடாதடின்னுதான் சொல்லிட்டுப் போச்சு."

மகன் திருச்சிக்குக் கூப்பிடுகிறானாம். வீட்டைப் பூட்டிக்கொண்டு போக வேண்டும்.

"புக்குல நெசமாவே அப்படி அச்சுல இருந்துச்சுன்னா, அவன் சும்மா கதைய ஒப்பிச்சுட்டுப் போயிருக்கான்னு மனசு விட்டுரும். பூட்டிட்டுப் போயிருவேன். அத மட்டும் பாத்துச் சொல்லுங்க மேடம்."

சீலை வைத்தவள் நான்தான் என்பதை மட்டும் மறைத்துவிட்டு, பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

3. மூன்று பிரதிகள்

ஜன்னல் கண்ணாடிக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். வெயிலில் காட்டினேன். முப்பது வருடத்துக்கு மேலாகத் தாளில் ஊறிய மை, ஒன்றும் தெரியவில்லை.

அரியலூர்ப் பக்கம் ஒரு கிளையில் இன்னொரு பிரதி இருப்பது தெரிந்து, ஒரு சனிக்கிழமை போனேன். அங்கேயும் சீல் அதே பலூன் மேல்தான் இருந்தது. சரி, தற்செயல் என்று பெரம்பலூர்ப் பக்கம் இருந்த மூன்றாவது பிரதியைத் தேடிப் போனேன். பக்கம் முழுக்க எவ்வளவோ இடம் இருக்க, அதிலும் சீல் அதே பலூனை ஒரு மயிரிழை பிசகாமல் மூடியிருந்தது. மூன்று ஊர், மூன்று பேர், மூன்று கை. நான் மாதா கோயில் ஊரான வரதராசன்பேட்டைக்காரி, பேய் பிசாசு பேச்செல்லாம் எங்கள் வீட்டில் எடுபடாது. ஆனாலும் மட்டமத்தியானத்தில் அந்த நூலகத்தில் புத்தகத்தை மூடிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரோ அந்தப் பதிலைச் சொல்ல விடாமல் வாயைப் பொத்தியது போலவே இருந்தது.

அங்கிருந்தவர்கள்தான் வாலிகண்டபுரத்தில் ஒரு லைன்மேன் பழைய காமிக்ஸ் சேர்ப்பதாகச் சொன்னார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பாச்சை உருண்டை வைத்துக் காப்பாற்றி வைத்திருந்தார்.

"பாருங்க மேடம், ஆனா எச்சி தொட்டுப் பொரட்டாதீங்க" என்று கொடுத்தார்.

முப்பத்தோராம் பக்கத்தைப் பிரித்தேன். கறுப்புப் பக்கம், சுரங்கம், திரும்பிப் பார்க்கும் கருஞ்சிறகு. பலூன் காலியாக இருந்தது. ஓர் எழுத்து இல்லை.

"அச்சடிச்சவங்க எழுத விட்டுட்டாங்க மேடம். இந்த இதழ் எல்லாத்துலயும் இப்படித்தான். இதுல பாதி கத குப்ப, ஆனா இந்தப் பக்கத்துக்காவது எடுத்து எடுத்துப் பாப்பேன். அவன் வாயத் தொறந்துட்டு, நம்ம பதிலுக்காக நிக்கிற மாதிரி இருக்கும்."

மூன்று பேரும் அங்கேயே ஏன் சீல் வைத்தோம் என்று அப்போது புரிந்தது. கறுப்புப் பக்கத்தில் எழுத்தில்லாமல் வெள்ளையாக இருந்த ஒரே வட்டம் அது. வேலை தெரிந்த எவளும் அங்கேதான் குத்துவாள். அப்படியானால் அந்தக் காலியை நானும் ஒரு நாள் கண்ணால் பார்த்திருக்கிறேன். கொஞ்சமும் நினைவில் இல்லை.

4. பேனா

லைன்மேனிடம் கெஞ்சி அந்த இதழை இரண்டு நாள் இரவல் வாங்கி வந்தேன். தமிழரசி வருவதற்கு முன் கறுப்புப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினேன். 'கதவைத் தாழ் போடாதே, நான் வந்துவிடுவேன்.' ஐந்தே வார்த்தை அளவுக்குத்தான் இடம், அழகாக உட்கார்ந்துவிடும். ஒரு பெண் நிம்மதியாகத் திருச்சிக்குப் போய்விடுவாள். புத்தகத்தில் கிறுக்காதே என்று ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் விரட்டிய கை எழுத மறுத்துவிட்டது. அன்று நான் எழுதியிருக்க வேண்டுமோ என்று இன்னமும் தூக்கம் கெடுகிறது.

தமிழரசி வந்து பார்த்தார். காலி பலூனை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார். சீல் வைத்தது நான்தான் என்பதையும் அப்போது சொல்லிவிட்டேன். அது அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

"அப்ப இதுல ஒண்ணுமே இல்ல."

"இல்லம்மா."

"இத்தன வருஷமா அவன் கதைய ஒப்பிச்சானோ என்னமோன்னு நெனச்சேன். அப்ப அது அண்ணன் தன் வாயால எனக்குச் சொன்னதுதான்." இதழை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு, "பூட்ட முடியாதே மேடம்" என்றார்.

கழிவுப் பட்டியலில் அந்த இதழுக்கு எதிரே, 'தகுந்தது, வாசகர் உண்டு' என்று எழுதினேன். அதிகாரி சிரித்தார், சிரிக்கட்டும். கதை குப்பைதான், அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகளே, ஒரு புத்தகம் தகுந்ததா என்று எழுதுவதற்கு முன் அதில் அச்சாகியிருப்பதை மட்டும் பார்க்காதீர்கள். அதை யார் வந்து எடுக்கிறார்கள், எடுத்து எங்கே கை வைக்கிறார்கள் என்று பாருங்கள். எனக்கு அது தெரிய முழு சர்வீஸும் தேவைப்பட்டது.

தை மாதம் தமிழரசி கதவை வெறுமனே சாத்திவிட்டுத் திருச்சிக்குப் போனார். அந்தப் பக்கம் போனால் ஓர் எட்டுப் பார்த்து வரச் சொல்லியிருந்தார். போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு மீன்சுருட்டி போனேன். சாப்பாடு முடிந்து, நல்ல வெயிலில், முந்திரித் தோப்பை ஒட்டியிருந்த அந்த வீட்டுக்கு நடந்தேன். அந்த வீட்டுக்கு ஒரே வாசல்தான். கதவைத் தள்ளினேன், திறக்கவில்லை. மழையில் மரம் ஊறியிருக்கும் என்று தோளைக் கொடுத்துத் தள்ளினேன். உள்ளே போட்டிருந்த தாழ்ப்பாள் இரும்பு கடகடவென்று ஆடியது.

தெருவுக்கு வந்து தமிழரசிக்குப் போன் போட்டேன். சொன்னதும் அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம் நின்றது.

"தட்டுனீங்களா மேடம்?"

"இல்லம்மா. பயமா இருந்துச்சு."

"தட்டாதீங்க. அங்கேயே இருங்க, நான் பஸ் ஏறுறேன். நான் வந்து தட்டுறேன்."