கூரை கழுவும் மழை

தகரக் கூரையின் விளிம்புக்குக் கீழே நீட்டிய ஓர் உள்ளங்கை. லம்பா லைனில் இருக்கும் எங்கள் வீட்டை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வாசலும் இல்லை, அறையும் இல்லை. மே மாத மழையில் நனையும் அத்தையின் கைதான். அத்தை அப்பாவுக்கு அக்கா. அபர்டீன் பஜாரில் தையல் கடை வைத்திருப்பவர். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்களோடு இருக்கிறார். தகரத்திலிருந்து வழியும் நீரைக் கையில் ஏந்துவார், கவிழ்ப்பார், ரேகைகளுக்கு நடுவே மண் தங்கியிருக்கிறதா என்று உற்றுப் பார்ப்பார். மறுபடி ஏந்துவார். கை சுத்தமாக வரும்வரை வாயைத் திறக்க மாட்டார்.

தீவைச் சுற்றிலும் கடல், கோடையில் குழாயில் வெறும் காற்று. அதுதான் எங்கள் ஊர். அதனால் எங்கள் சந்தில் ஒவ்வொரு வீட்டிலும் கூரைத் தண்ணீரைத் தொட்டிக்குக் கொண்டுபோக ஒரு குழாய் உண்டு. ஆனால் முதல் மழையை அப்படியே உள்ளே விட்டுவிட முடியாது. கோடை முழுவதும் கூரையில் சேர்ந்த புழுதியும் சருகும் மைனா எச்சமும் தொட்டிக்குள் இறங்கிவிடும். ஆகவே குழாயை வெளியே திருப்பிவிட்டு, கூரை கழுவி முடியட்டும் என்று எல்லோரும் காத்திருப்போம். மேட்டின் உச்சியில் இருப்பது எங்கள் வீடு. அத்தை அங்கிருந்து "பானி பக்டோ!" என்று சந்துக்கே பொதுவான ஹிந்தியில் கத்துவார். தண்ணீரைப் பிடியுங்கள் என்ற அந்த ஒரு சத்தத்துக்கு, சரிவு முழுக்கக் குழாய்கள் உள்ளே திரும்பும். தகரத்தில் கொட்டும் மழையைத் தாண்டிக் கேட்கிற தொண்டை அவருக்குத்தான் இருந்தது.

ஒரு வருடம் தாதா என்று நாங்கள் அழைக்கும் பக்கத்து வீட்டு வங்காளி அண்ணன் அவசரப்பட்டு முன்கூட்டியே திருப்பிவிட்டார். தொட்டி முழுக்கத் தேநீர் நிறத்தில் தண்ணீர். "க்யா தாதா, மச்லி பாலோகே?" என்று அத்தை வேலிக்கு இப்பால் நின்று கேட்டார். மீன் வளர்க்கப் போகிறீர்களா என்ற அந்தக் கேள்வியை தாதா இன்றுவரை சுமக்கிறார்.

போன வருடக் கடைசியில் அத்தையின் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. சென்னையில் அறுவை சிகிச்சை. கட்டி கெட்டது இல்லை என்றார்கள். ஆனால் குரல் நரம்பை ஒட்டி வேலை செய்ய வேண்டியிருந்ததாகவும், குரல் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றும் டாக்டர் சொன்னார். உயிர் பிழைத்ததே போதாதா என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். அத்தை தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் சம்மதம் இல்லை.

ஊர் திரும்பிய பிறகு காற்றாகத்தான் பேசினார். கடையில் பெண்கள் அவர் வாயருகே காதைக் கொண்டுபோனார்கள். நான் சும்மா இருப்பேனா? சந்து முழுவதையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, "அத்தே, நீங்க கத்தவே வேணாம். இதுல ஒரு கைப் படம் போட்டாப் போதும்" என்றேன். அத்தை என்னைக் குனியச் சொல்லி, "கொட்டுற மழையில குழாயப் பிடிப்பானா, போனப் பிடிப்பானா? காலேஜுல இதத்தான் படிச்சியாடி?" என்று கிசுகிசுத்தார்.

இந்த மே மாதம் ஒரு மதியம் வானம் உடைந்தது. அத்தை விளிம்புக்கடியில் போய் நின்றார். கீழே ஒவ்வொரு வீட்டிலும் குழாயில் கை வைத்தபடி எல்லோரும் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழை வலுத்தது. அத்தை ஏந்தினார், கவிழ்த்தார். சத்தம் வரவில்லை. வழக்கத்தைவிட வெகுநேரம் ஆனதுபோல எனக்குத் தோன்றியது. முடியவில்லை, சொல்லவும் கூச்சப்படுகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். நானே கத்திவிடலாம் என்று மூச்சை இழுத்தபோது, அத்தை ஈரக் கையால் என் வாயைப் பொத்தினார். மறு கையை என் கண்ணெதிரே காட்டினார். ரேகைகளில் இன்னும் கறுப்பாக மண்.

அட, கூரைதான் இன்னும் கழுவப்படவில்லை!

இன்னும் இரண்டு முறை ஏந்தினார். பிறகு கழுத்துத் தழும்பு விரிய, "பானி பக்டோ!" பழைய குரல் இல்லை, நடுவில் கீறல் விழுந்த, ஆண்பிள்ளைத்தனமான ஒரு குரல். ஆனால் தகரத்தைத் தாண்டிப் போனது. சரிவில் குழாய்கள் திரும்பின. தாதா தன் குழாயைத் திருப்பிவிட்டு, நிமிர்ந்து, "சுனாயி நஹி தியா தீதி, ஃபிர் சே போலோ!" என்றார். அக்கா சொன்னது கேட்கவில்லையாம், மறுபடி சொல்லணுமாம்!

"மீன் வளக்குற ஆளுக்குக் காது வேற கேக்கலியாக்கும்!" என்று அத்தை தமிழிலேயே திருப்பிக் கத்தினார். அதுவும் கேட்டது.

பிறகு உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டு, என் சட்டையில் துடைத்தார். சட்டையில் மண்ணே ஒட்டவில்லை.