முட்டைக் கடைக்குப் போன அப்பா

அந்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் ஓர் இடத்தில் உட்காரத் தெரியவில்லை. அம்மா வாசலுக்கும் அடுப்படிக்குமாக அலைந்தாள். நான் அவள் பின்னாலேயே அலைந்தேன். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் வேலை பார்த்த அப்பா, நுரையீரல் நோயால் வேலையை விட்டு வீட்டோடு இருந்தார். அவருக்குப் பத்தியம் பார்க்கவென்றே அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்து இறங்கியிருந்தாள்.

பெரியம்மாவின் பத்தியத்துக்குப் போலீஸ் ஸ்டேஷனே தேவலாம். பருப்பு வாய்வு, மீன் சூடு, முட்டை மந்தம். மிஞ்சியது கஞ்சியும் சுட்ட அப்பளமும்தான். கட்டிலை விட்டு இறங்கவும் கூடாது. அப்படித் தாங்கியும் அப்பா இளைத்துக்கொண்டே போனார். தோளில் சட்டை நிற்கவில்லை. ஆனால் சாயங்காலமானால் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய், சுவரைப் பிடித்தபடி தள்ளாடித் தள்ளாடித் திரும்பி வருவார். ஒயின் ஷாப்பும் அந்தப் பக்கம்தான். பெரியம்மாவுக்கு அது போதுமாயிருந்தது.

“குடிச்சிக்கினு வர்ற ஆளுக்கு நீ இன்னாத்துக்குடி கஞ்சி காச்சிக்கினு கீற? பெட்டியக் கட்டு. புள்ளையக் கூட்டிக்கினு ஊருக்குப் போலாம்” என்றாள்.

அம்மா என் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். அப்பாவை விட்டுப் போக எனக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை.

கையும் களவுமாகப் பிடிக்க, அன்று பெரியம்மா என்னையும் இழுத்துக்கொண்டு அவர் பின்னால் கிளம்பினாள். அவர் நாலு எட்டு வைப்பார், நிற்பார், மூச்சு வாங்குவார். நாங்களும் நிற்போம். ஒயின் ஷாப் வந்தது. அப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல் அதைத் தாண்டிப் போய், ஒரு தள்ளுவண்டி ஓரம் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, மிளகுத்தூள் போட்ட அவித்த முட்டையைத் தின்ன ஆரம்பித்தார்.

“இன்னா மாப்ள இது?” என்று பெரியம்மா முன்னால் போய் நின்றாள்.

அப்பா திருதிருவென்று விழித்தார். “டாக்டரு சொன்னாருக்கா. இந்த நோவு ஒடம்புல கீற சதையவே கரைச்சுடுமாம். முட்டை, பருப்புலாம் நல்லா துன்னணும், கொஞ்சம் நடக்கணும்னாரு. தொடைல வலுவே இல்ல, அதான் தள்ளாடுது. ஊட்ல சொன்னா நீங்க உடுவீங்களா?”

பெரியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “இன்னும் ரெண்டு உரிச்சுக் குடுப்பா” என்றாள் வண்டிக்காரரிடம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தின்று முடித்த அப்பாவால் ஸ்டூலை விட்டு எழ முடியவில்லை. முயன்று பார்த்துவிட்டு என்னிடம் கையை நீட்டினார்.

“தூக்கி உடு பாப்பா.”

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். காலிக் கூடை மாதிரி எழுந்து வந்துவிட்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அப்பாவையே ஒரே இழுப்பில் தூக்கிவிட்டேன் என்று வழியெல்லாம் பீற்றிக்கொண்டே வந்தேன். என் கையில் அத்தனை பலம் வந்துவிட்டதாகத்தான் நினைத்தேன். பெரியம்மா எதற்கு அழுதுகொண்டே நடந்தாள் என்று எனக்கு விளங்கவில்லை.